நமுத்துப்போன தாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஓவியன் என்றால் நாள் முழுவதும் ஜன்னல் ஓரம் நின்று வரைந்துகொண்டிருப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். கும்பகோணத்தில் என் மாடி அறைக்கு மாலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். பாயில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்திருக்கும். வங்கியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அடிக்கோல் இல்லாமல் கோடு போட மாட்டேன் என்று அடம்பிடிப்பார். வாரத்தில் ஆறு நாள் நீர்வண்ண ஓவிய வகுப்பு. வாடகை, வண்ணம், தாள் எல்லாம் அந்தக் கட்டணத்தில்தான். ஆண்டுக்கு மூன்று படம் விற்றால் எங்கள் வீட்டில் பாயசம்.

இது புதிதல்ல. கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கியபோது சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வர். ஜாதகக் கட்டம் போன்ற கோடுகளும், படிக்க முடியாத எழுத்துகளும் நிறைந்த படங்கள் அவை. கோப்புகளுக்கு நடுவே அதற்கு எப்படித்தான் நேரம் கண்டாரோ! 1966இல் அவர் முன்னின்று சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். படம் விற்றால்தான் சோறு என்ற நிலை வரக்கூடாதென்று அங்கே மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். வயிற்றுக்கு ஒரு வேலை, மனத்துக்கு ஒரு வேலை.

என் சிக்கல் வேறு. எனக்கு வயிற்றுக்கும் மனத்துக்கும் ஒரே தூரிகை.

வகுப்பில் செய்து காட்ட வேண்டும். மகாமகக் குளம்தான் எல்லாரும் கேட்பது. தாளை நனைத்து, ஈரத்திலேயே அல்ட்ராமரைன் நீலத்தை இழுத்துவிடுவேன். அந்த நீலத்தின் துகள்கள் தாளின் சொரசொரப்பில் போய்ப் படியும். வானம் தானாகப் பொரிந்து வரும். அதே நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்தால் கருங்கல்லின் சாம்பல் நிறம். குளத்தைச் சுற்றி மண்டபம் பதினாறு. நான் ஐந்து போட்டு, ஈரம் காய்வதற்குள் அவற்றின் நிழலைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவேன். இருபது நிமிடம். கை தட்டுவார்கள்.

அந்தக் கைதட்டல்தான் வினை. இரவு பத்து மணிக்கு எனக்கென்று ஒரு தாளை எடுத்து வைத்தால், கை அதே வித்தையைக் காட்டும். வயலை வரைந்தாலும் அதே வானம், தெருவை வரைந்தாலும் அதே நிழல். நான்கு ஆண்டுகள் இப்படி ஓடின. அந்தப் படங்கள் விற்கவும் விற்றன என்பது இன்னும் வெட்கம்.

பிறகு ஓர் ஐப்பசி. முந்நூறு ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம் எடையுள்ள, பருத்தித் தாள் நாற்பது வாங்கி, சுவரோரம் பரணில் வைத்திருந்தேன். விலை உயர்ந்த சரக்கு என்று தொடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. மழையில் சுவர் ஊறியது எனக்குத் தெரியாது. நல்ல தாளில் ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். அதுதான் வண்ணத்தை உடனே உறிஞ்ச விடாமல் மேலேயே நிறுத்தி வைப்பது. ஈரத்தில் பூஞ்சை அந்தப் பசையைத் தின்றுவிட்டால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தாள் வெள்ளையாகத்தான் இருக்கும். தூரிகை பட்டதும் அங்கங்கே மை ஒற்றும் தாளைப் போலக் குடித்துக்கொள்ளும். அப்பளம் நமுத்ததாவது கையில் எடுத்தால் தெரியும்.

வானம் போட்டேன், அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக இருண்டது. இரண்டாவது தாளும் அப்படித்தான், மூன்றாவதும். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. "எடைக்காவது போடுங்கள்" என்றாள் மனைவி.

போடவில்லை. மூன்று நாள் கழித்து, காய்ந்த அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது எதிர்வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர். காரை பெயர்ந்து, உள்ளே செங்கல் தெரிந்து, அதற்குக் கீழே யாரோ எப்போதோ அடித்த காவியும் பச்சையும் தெரியும். பத்தாண்டுகளாக என் ஜன்னலுக்கு நேரே நிற்கிறது; ஒரு நாளும் வரையத் தோன்றியதில்லை. அந்தத் தாளில் ஆரம்பித்தேன். எங்கே குடிக்கும், எங்கே நிறுத்தும் என்று தாளுக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு பூச்சுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஒரு பூச்சு காயவே முக்கால் மணி நேரம். என் இருபது நிமிட வித்தை அங்கே எடுபடவில்லை. ஒரு சுவருக்குப் பதினோரு இரவுகள் ஆயின.

இதுவரை பத்தொன்பது சுவர்கள் வரைந்திருக்கிறேன். ஒன்றுகூட விற்கவில்லை. பெரியவர் ஒரு நாள் வகுப்பு முடிந்தும் போகாமல் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். "சார், இதை ஏன் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை?" என்றார். தாளைக் கெடுத்துக் கொண்டுவாருங்கள், சொல்லித் தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே போனவர், மறுவாரம் இரண்டு தாள்களோடு வந்தார். குளியலறைக் கொடியில் பத்து நாள் தொங்கவிட்டாராம்.

பரணில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வரும் ஞாயிறு வகுப்பில் மகாமகக் குளம்தான், நல்ல தாளில். வணக்கம்.