சக்தி, சகதி ஆன கதை: பாக்ஸ் அப் எழுத்துக்கு எந்த மெஷின் வாங்கலாம்?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், பழைய கடை வரிசை. மாலை ஏழரை மணி. ஒளிரும் ஒரு பெயர்ப்பலகை.]

வணக்கம். இந்தப் பலகையைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேலே பெரிதாக மலாயில் 'கெடாய் ருன்சிட்', அதாவது மளிகைக் கடை. பளிச்சென்று எரிகிறது. கீழே தமிழில் கடையின் பெயர், சக்தி ஸ்டோர்ஸ். பகலில் சக்திதான். விளக்கைப் போட்டால் சகதி. 'சகதி ஸடோரஸ'. நான்கு புள்ளியும் இருட்டில் காணாமல் போய்விட்டன.

செய்தது வேறு யாருமில்லை, நான்தான். தொழில் தொடங்கிய முதல் வருஷம். கடைக்காரர் போன் பண்ணி, "தம்பி, பொழுது சாஞ்சா என் கடை சேறாயிடுதுலா, வந்து பாரு" என்றார்.

அந்தப் பலகையை வைத்தே இன்றைக்குப் பேசப்போகிறேன். ஒளிரும் எழுத்துகளை, நாம் பாக்ஸ் அப் என்கிறோமே, அவற்றைப் பக்கத்து நகரமான ஈப்போவுக்கு அனுப்பாமல் சொந்தப் பட்டறையிலேயே செய்ய எந்த மெஷினை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

[காட்சி: மேசைமேல் பிரித்து வைத்த ஒரு 'க'.]

உள்ளே இருப்பது கொஞ்சம்தான். முகம், 3 மில்லி (மில்லிமீட்டர்) அக்ரிலிக். பக்கச் சுவர், 1 மில்லிக்குள் கனமுள்ள அலுமினியப் பட்டை. முதுகு, 10 மில்லி பி.வி.சி. ஃபோம் போர்டு. நடுவில் 12 வோல்ட் எல்.இ.டி. மாட்யூல், அதாவது குட்டி விளக்குத் துண்டு. ஆக, தட்டையானதை வெட்ட ஒன்று, பட்டையை வளைக்க ஒன்று. மெஷின் பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் மெஷின் விற்கிறவர் மனதில் இருப்பது ஆங்கில எழுத்து. நம் ஊர்ப் பலகை வேறு. நகராண்மைக் கழகத்தில் விளம்பர உரிமம் எடுக்க வேண்டும், வாசகத்தை மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவில் சரிபார்த்து வாங்க வேண்டும், மலாய்தான் பெரிதாக முன்னால் நிற்க வேண்டும். தமிழுக்கு மிஞ்சுவது ஆறு அங்குலம், எட்டு அங்குலம். எட்டு அங்குல எழுத்தில் கோட்டின் அகலம் சுமார் 20 மில்லி. அதிலே சுழி வேறு. புள்ளியோ தனியாக நிற்கிற ஒரு குட்டி எழுத்து. அதற்கும் சுவர் வேண்டும், முதுகு வேண்டும், ஒயர் ஓட்டை வேண்டும். சக்தி ஸ்டோர்ஸ் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் ஒரு புள்ளிகூடக் கிடையாது. தமிழில் நான்கு. என்னிடம் இருந்த மாட்யூலின் நீளம் 70 மில்லி, புள்ளியின் விட்டம் 30 மில்லி. நுழையவில்லை. வெறும் வெள்ளை வட்டமாக ஒட்டிவிட்டு வந்தேன். பகலில் யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மலாய் எழுத்தைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள். அதை எந்த மெஷினும் செய்துவிடும். பலகையில் இருப்பதிலேயே சின்ன எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

[காட்சி: ரவுட்டர் ஓடுகிறது. வெள்ளைத் தூள் பறக்கிறது.]

முதலில் வெட்டுகிற மெஷின். கணினி சொல்கிற வழியில் பிட் எனும் சுழலும் கூரால் வெட்டுகிற சி.என்.சி. ரவுட்டரா, கதிரால் வெட்டுகிற சி.ஓ.2 லேசரா? இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

லேசர் அழகு. அக்ரிலிக்கை வெட்டினால் ஓரம் கண்ணாடி மாதிரி வரும், உள்மூலை கூர்மையாக இருக்கும், சத்தம் குறைவு. பார்த்ததும் மனசு அதன் பக்கம் சாயும். ஆனால் பி.வி.சி. போர்டை லேசரில் வைக்கவே கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். நெஞ்சுக்கும் கேடு, மெஷினுக்கும் கேடு. நான் வேலை பழகிய பட்டறையில் ஒருநாள் ரவுட்டர் பழுதாகிவிட்டது. அவசர ஆர்டர். "ரெண்டே போர்டுதானே" என்று லேசரில் ஏற்றினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கடை முன்நடையான ஐந்தடிக்கு வெளியே ஓடினோம். அடுத்த வாரம் மெஷினைத் திறந்தால், வெள்ளியாக மின்னிய தண்டவாளம் முழுக்கத் துரு. ஏ.சி.பி. தகட்டையும் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) சி.ஓ.2 லேசர் உருப்படியாக வெட்டாது. ஃபைபர் லேசர் வாங்கினால் எல்லாம் ஆகுமே என்பார்கள். அது உலோகத்துக்கு. தெளிவான அக்ரிலிக்கில் அதன் கதிர் ஊடுருவிப் போய்விடும், வெட்டாது.

ரவுட்டர் முகத்தையும் வெட்டும், முதுகையும் வெட்டும், ஏ.சி.பி.யில் மடிக்கிற பள்ளமும் போடும். ஆகவே ஒரே மெஷினுக்குத்தான் காசு என்றால் ரவுட்டர். என் கருத்தில் இதற்கு இரண்டாம் பேச்சே கிடையாது. 4க்கு 8 அடி ஷீட் அப்படியே படுக்கிற மாதிரி 1300க்கு 2500 மில்லி மேசை எடுங்கள். குறை? தூசி, சத்தம். அப்புறம் உள்மூலை. 3 மில்லி பிட் போட்டால் உள்மூலை ஒன்றரை மில்லி ஆரத்துக்கு உருண்டுவிடும். தமிழ் எழுத்து தானே உருண்டை என்பதால் நமக்கு இது அவ்வளவாக வலிக்காது. அக்ரிலிக்குக்கு ஒற்றைப் பல் பிட் போடுங்கள். பல் அதிகமானால் சூடேறி, தூள் உருகி வெட்டின வழியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வாங்குமுன் கடையின் மின்சாரத்தைப் பாருங்கள். பழைய கடை வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஃபேஸ்தான். பிட்டைச் சுழற்றுகிற மோட்டாரான ஸ்பிண்டில், 3 கிலோவாட்டில், அதில் ஓடுகிற மாதிரிக் கிடைக்கும். ஷீட்டை உறிஞ்சிப் பிடிக்கிற பெரிய வாக்குவம் பம்புக்கு மூன்று ஃபேஸ் கேட்பார்கள். அது வரும்வரை நான் கிளாம்ப் போட்டுத்தான் ஓட்டினேன். இரும்புக் கதவின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள்.

[காட்சி: அலுமினியச் சுருள் மெஷினுக்குள் போகிறது. 'ஜ' மெதுவாக உருவாகிறது.]

அடுத்தது வளைக்கிற மெஷின். கையால் வளைக்கிற சின்ன பெண்டர் இருக்கிறது, தானாகக் கீறி, தானாக வளைக்கிற பெரியது இருக்கிறது. பெரியது வேகம். ஆனால் வேலை இருந்தால்தான் வேகத்துக்கு மதிப்பு. வாரத்துக்கு ஒரு பலகை செய்கிற பட்டறையில் அது பாதி நாள் துணி போர்த்திக் கிடக்கும்.

கண்காட்சிக்குப் போனால் 'எஸ்' வளைத்துக் காட்டுவார்கள், 'ஏ' வளைத்துக் காட்டுவார்கள். கைதட்டிவிட்டு வராதீர்கள். பென் டிரைவில் உங்கள் 'ஜ', உங்கள் 'ஞ', எட்டு அங்குலத்தில், மெஷின் படிக்கிற வரைபடக் கோப்பான டி.எக்ஸ்.எஃப். ஆகக் கொண்டுபோங்கள். "அண்ணே, இதை வளைச்சுக் காட்டுங்க." எத்தனை மில்லி ஆரம் வரை சுழிக்கிறது, பட்டை எங்கே மெஷின் தலையில் இடிக்கிறது, சுழி சுழியாக வருகிறதா அல்லது ஐந்து கோணமாக வருகிறதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கோணலாக வந்தால் மெஷினை மட்டும் குறை சொல்லாதீர்கள். சில எழுத்துருக்களில் ஒரு வளைவுக்கு இருபது முனை இருக்கும், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அவற்றை ஒன்றாக்கி, முனைகளைக் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

நான் முதல் இரண்டு வருஷம் கை பெண்டரில்தான் ஓட்டினேன். ரவுட்டரில் வெட்டிய முதுகுப் பலகையே அச்சு; பட்டையை அதைச் சுற்றி அணைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

[காட்சி: முப்பரிமாண பிரிண்டர் ஒரு புள்ளியை அச்சிடுகிறது.]

ஆறு அங்குலத்துக்குக் கீழே போனால் அலுமினியத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். சுவரும் முதுகும் ஒன்றாக முப்பரிமாண பிரிண்டரில் அடித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, பி.எல்.ஏ. எனும் பிளாஸ்டிக் இழை வேண்டாம். 60 டிகிரியிலேயே இளகும். மத்தியான வெயிலில் பலகை அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பெட்ஜி இழை தாங்கும், ஏ.எஸ்.ஏ. வெயிலுக்கு இன்னும் நல்லது.

சக்தி ஸ்டோர்ஸின் புள்ளிகளை அப்படித்தான் சரிசெய்தேன். குட்டிக் கிண்ணம் மாதிரி நான்கு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மாட்யூல், மழைத் தண்ணீர் வடிய அடியில் ஓர் ஓட்டை. பவர் சப்ளையையும் ஒரு தடவை கணக்குப் பார்த்துக்கொண்டேன். மாட்யூல் ஒன்றுக்கு 0.72 வாட் என்றால் 120 மாட்யூலுக்கு 86 வாட். முழுச் சுமை ஏற்றாமல் எண்பது சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்பதால் 108 வருகிறது. 150 வாட் பெட்டி போட்டேன்.

[காட்சி: மீண்டும் அதே பலகை. விளக்கு எரிகிறது. சக்தி ஸ்டோர்ஸ்.]

ஏணியிலிருந்து இறங்கினேன். கடைக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். "சகதி போச்சு தம்பி. ஆனா புள்ளி மட்டும் ஏன் நீலம் பாஞ்ச மாதிரி இருக்கு?"

பழைய மாட்யூல் ஒரு பெட்டி, புது மாட்யூல் வேறு பெட்டி. இரண்டுமே வெள்ளைதான், ஆனால் ஒரே வெள்ளை இல்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு பலகைக்கும் அதே பெட்டியிலிருந்து பத்து மாட்யூல் அதிகமாக எடுத்து, கவரில் கடையின் பெயரை எழுதி அலமாரியில் போட்டுவைக்கிறேன்.