சாக வேண்டிய இடம்: எண் மூன்று

வணக்கம். தேசிய சேவை முடித்தவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சில தம்பிகளின் முடிவெட்டைப் பார்த்தால் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிகிறது. போர்ப் படங்களில் வீரர்களை எப்படி நடக்கவும் விழவும் வைக்கிறார்கள் என்று இன்று பார்ப்போம்.

நம் ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங் காட்டில் நடக்கும்போது சார்ஜண்ட் எதற்காக அதிகம் கத்தினார்? என் காலத்தில், "ஒட்டிக்கொண்டு நடக்காதே, தள்ளிப் போ!" என்றுதான். ஒரு குண்டு விழுந்தால் குழுவின் ஏழு பேரும் சேர்ந்து போகக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

போர்ப் படங்களில் பாருங்கள், தோள் உரச நடப்பார்கள், பேசிக்கொண்டே. அந்தி வெளிச்சத்தில் மேட்டின் விளிம்பில் கறுப்பு உருவங்களாக வரிசை போகும். பார்க்க அழகுதான். எதிரிக்கும் அது அழகாகத்தான் தெரியும்! ஆனால் இயக்குநரைக் குறை சொல்ல முடியாது. பத்து மீட்டர் இடைவெளி விட்டால் ஒருவன் முகம்தான் திரையில் தெரியும், மற்றவர்கள் வெறும் புள்ளிகள்.

'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) இதை மறைக்கவில்லை. கடலிலிருந்து கரையேறித் தாக்கும் காட்சியில், கரை சேரும் முன்பே படகில் எச்சரிக்கை வருகிறது: தள்ளித் தள்ளிப் போங்கள், ஐந்து பேர் சேர்ந்தால் எதிரிக்குக் கொண்டாட்டம். கரையில் இறங்கியதும் அதே ஆட்கள் இரும்புத் தடுப்புகளுக்குப் பின்னால் ஒண்டுகிறார்கள், கேமராவும் கூடவே ஒண்டுகிறது. பயம்தான் அவர்களை ஒட்டவைக்கிறது, அதனால் நெருக்கம் பொய்யாகத் தெரிவதில்லை. அப்புறம் அந்த வெட்டி வெட்டி ஓடும் ஓட்டம். வழக்கமாக ஒரு பிரேம் நொடியில் 48ல் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்கும். ஒளிப்பதிவாளர் கமின்ஸ்கி, கேமராவுக்குள் ஒளியை விட்டு மறைக்கும் ஷட்டரின் திறப்பை வழக்கமான 180 டிகிரியிலிருந்து 90, 45 டிகிரிக்குக் குறுக்கினார்; ஒளி வாங்கும் நேரமும் பாதியாக, கால்வாசியாகக் குறைந்தது. அசைவின் மங்கல் போய்விட்டது, தெறிக்கும் மண்கட்டிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது.

எனக்குப் பிடித்தது ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957). கதை முதல் உலகப்போர் பிரெஞ்சுப் படையைப் பற்றியது. படமாக்கியது ஜெர்மனியில், பிரெஞ்சு வீரர்களாக ஓடியவர்கள் ஜெர்மன் போலீஸ்காரர்கள்! தாக்குதல் காட்சிக்குக் களத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண் கொடுத்தார் குப்ரிக். உன் எண்ணுள்ள பகுதி வந்ததும் விழுந்து சாக வேண்டும், முடிந்தால் வெடிக்குப் பக்கத்தில். நம் டான்ஸ் மாஸ்டர் "நாலாவது பீட்டில் உட்காரு" என்பாரே, அதேதான். கேமரா பக்கவாட்டில் அவர்களோடு போகிறது. மொத்தமாக யாரும் சாய்வதில்லை, கூட்டம் மெலிந்துகொண்டே வருகிறது. எப்போது மெலிந்தது என்று நமக்குப் பிடிபடாது. நூறு வெடியைவிட அதுதான் என்னை உலுக்கியது.

'1917' (2019) படத்தில் வேறு வகைக் கணக்கு. நடுவில் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்ததுபோல் தெரிய வேண்டும், அதனால் வசனம் முடியும் இடத்தில் பதுங்குகுழியும் முடிந்தாக வேண்டும். முதலில் வெட்டவெளியில் கம்பு நட்டு, வசனம் பேசி நடந்து பார்த்தார்கள். பிறகுதான் மண்ணைத் தோண்டினார்கள்.

சரி, விளக்கை அணைக்கச் சொல்கிறேன். குப்ரிக்கின் அந்தத் தாக்குதலைப் போடப்போகிறோம். விசிலோடு முன்னால் போகும் கதாநாயகன் கிர்க் டக்ளஸைப் பார்க்காதீர்கள். பின்னால் வருபவர்களில் ஒருவனைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கொடுத்த எண் எது என்று பார்ப்போம்.