கைப்பிடியில் கை இல்லை

நண்பர்களே, திரையில் நீங்கள் பார்ப்பது ஓவியர் பால் க்ளே 1922-ல் வரைந்த 'கீச்சிடும் இயந்திரம்'. இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கு என்ன அர்த்தம் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்காதீர்கள். இயந்திரம்தானே? விசை எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று பாருங்கள். வலப்பக்கம் ஒரு சின்னக் கைப்பிடி. அதிலிருந்து ஒரு தண்டு, கம்பி, கம்பியில் நான்கு பறவைகள். தீர்ந்தது. பல்சக்கரமும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. எந்தப் பட்டறையிலும் இது ஓடாது. ஆனாலும் கைப்பிடியைச் சுற்றினால் பறவைகள் கத்தும் என்பது குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும்.

சுற்றுவது யார்? கைப்பிடியில் கை இல்லை! படத்தின் குறும்பே இதுதான் என்பேன். நம் கை தானாக அங்கே போகிறது. முதலில் சிரிப்பு வரும். பிறகு அந்த அலகுகளைக் கவனிப்பீர்கள். அவற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது நாக்கா, குரலா, தூண்டில் முள்ளா? பாடுகிறதா, அலறுகிறதா? கீழே இருப்பது மேடையா, விழுந்தால் ஏற முடியாத குழியா? பொம்மை என்று சிரிப்பவரும் சித்திரவதை என்று நடுங்குபவரும் ஒரே கோடுகளைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுப்பேன்.

அந்தக் கோடுகள் ஏன் இப்படிப் பிசிறடிக்கின்றன? க்ளே ஒரு தாளில் எண்ணெய் வண்ணம் பூசி, அதை இன்னொரு தாளின் மேல் கவிழ்த்து, முதுகில் கூரான முனையால் கீறுவார். கார்பன் தாளில் எழுதுவது போலத்தான். கை அழுந்திய இடமெல்லாம் கறை விழும். இயந்திரத்தின் படமே பாதி இயந்திர வேலை! பிறகுதான் நீர்வண்ணம், அந்த நீலம் விடியலா, புகையா என்று நெடுநேரம் சண்டை போடலாம்.

இன்னொன்று. நாஜிகளின் கொடுமையை முன்கூட்டியே சொன்ன படம் என்று சிலர் உருகுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 1922-ல் க்ளே ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்; ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933-ல். அந்த ஆண்டுதான் ட்யூசல்டார்ஃப் நகரில் க்ளே வகித்த பேராசிரியர் பதவியும் பறிபோனது. பெர்லின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்த இந்தப் படத்தை நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி வெளியேற்றினார்கள். 1939-ல் நியூயார்க் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இந்தக் கதை தெரிந்தபின் பறவைகளின் சத்தம் நம் காதில் மாறிக் கேட்கிறது, உண்மைதான். அந்த மாற்றம் நாம் கொண்டுவந்தது. க்ளேயின் கணக்கில் எழுதக் கூடாது.