படம் வரைய நான்கு ஆண்டுகளா?

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்ததும், ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்படும் பிள்ளையோடு என்னைப் பார்க்க வரும் பெற்றோர், "வரைவது பிறவியிலேயே வருவதுதானே சார், அதற்கு எதற்கு நான்கு வருடம்? அதை வைத்துப் பிழைக்க முடியுமா?" என்று ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுகிறார்கள்.

பிழைப்பைப் பற்றிய கேள்வி, சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியின் வயதளவு பழையது. 1850-இல் அதைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டர் ஒரு மருத்துவர். கலையோடு கைத்தொழிலையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்று எண்ணியவர். இன்றும் அங்கே ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு சுடுமண், துணி வடிவமைப்புத் துறைகளும் இருப்பது அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான். 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், படிப்பை முடித்த இளைஞர்கள் ஓவியத்தை மட்டும் நம்பி வாழ முடியாது என்பதை அறிந்திருந்ததால், அவர்கள் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்க வழிகாட்டினார். அந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தில் 1966-இல் எழுந்ததுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

இனி, நான்கு ஆண்டுகள் எதற்கு என்ற கேள்வி. மாதிரியாக நிற்கும் ஆளைப் பார்த்து வரையும் வகுப்பில், மூக்கையும் கண்ணையும் வரையத் துடிக்கும் மாணவனிடம் ஆசிரியர் முதலில் கேட்பது, "உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது?" என்பதுதான். அக்கல்லூரியில் நெடுங்காலம் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலைக்கு அருகே ஒரு நாள் நின்று பாருங்கள்; பாறையை நெம்பும் அந்த நால்வரின் முகத்தைவிட, தரையில் ஊன்றிய பாதங்களே பாரத்தைச் சொல்லும்.

எழுத்தாலும் படத்தாலும் செய்தி சொல்லக் கற்பிக்கும், மாணவர்கள் 'விஸ்காம்' என்று சுருக்கிச் சொல்லும் காட்சித் தொடர்பியலிலும் கண்ணுக்கு இதே பயிற்சிதான். 'படம்' என்ற சொல்லைப் பெரிதாக எழுதி, எழுத்துகளுக்கிடையே அளவுகோலால் சமமாக இடைவெளி விட்டாலும், 'ட'வின் மேற்பகுதி வலப்புறம் திறந்து கிடப்பதால் அடுத்த எழுத்து தள்ளி நிற்பது போலத் தோன்றும். அதைச் சற்றே உள்ளே இழுத்தால்தான் கண் சமாதானமாகும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு வாய்பாடு இல்லை. கணினி வந்த பிறகும், கடைசி முடிவு கண்ணுடையதுதான்.

சேர்க்கைக்கு வரைதல் தேர்வு உண்டு என்பதால், அண்மையில் வந்த ஒரு மாணவி நோட்டு நிறைய நடிகர்களின் முகங்களை வரைந்து கொண்டுவந்தாள். புகைப்படத்தைப் பார்த்து நகலெடுத்தவை. எனக்கு அவற்றில் பெரிய மதிப்பில்லை. வாசலில் கிடந்த என் செருப்பை வரையச் சொன்னேன். அரை மணி நேரம் குனிந்து அழித்து அழித்து வரைந்தாள். தந்தை முதலில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு செருப்பைப் பார்த்தார். கடைசியில், "வலது செருப்பின் குதிகால் வெளிப்பக்கம்தான் ரொம்பத் தேய்ந்திருக்கிறது, அதை விட்டுவிட்டாயே, அம்மா" என்றார்.