லேப்டாப்ல ஓடுது, கடை கம்ப்யூட்டர்ல ஓடலையே அண்ணே? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி உசிலம்பட்டியிலேருந்து ஒரு தம்பி. வெப் பக்கத்தை இயங்க வைக்கிற மொழி ஜாவாஸ்கிரிப்ட் இருக்குல்ல, அதைப் படிக்க ஆரம்பிச்சு நாலு மாசமாம். அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கடை. மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கின்னு அன்னன்னைக்கு விலையைப் போட்டா, கூடுன விலை மேல வர்ற மாதிரி ஒரு பக்கம் எழுதிருக்காப்ல. "என் லேப்டாப்ல ஜம்முனு ஓடுதுண்ணே. கடையில இருக்க விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்ல பட்டியலே வரமாட்டேங்குது. ரெண்டுலயும் குரோம்தான். அப்ப புதுசா எது படிச்சாலும், எந்த பிரவுசர்ல ஓடும்னு பாத்துட்டுத்தான் எழுதணுமா?"ன்னு கேட்டு, எழுதுனதையும் அனுப்பிருக்காப்ல.

பாத்தேன் தம்பி. டுசார்ட்டட் (toSorted) போட்டிருக்கீங்க. இருக்குற அரேயை, அதாவது பட்டியலை, கலைக்காம, வரிசைப்படுத்துன புது அரே ஒண்ணைக் குடுக்குற மெத்தட் அது, மொழியிலயே தயாரா இருக்குற ஒரு கட்டளை. நல்ல பழக்கந்தான், வெறும் சார்ட் (sort) போட்டா மூல அரேயே மாறிப்போயிரும். ஆனா டுசார்ட்டட் குரோமுக்குள்ள வந்தது 110ஆவது வெர்ஷன்ல, 2023 பிப்ரவரி. விண்டோஸ் 7க்குக் குரோம் எதோட நின்னுச்சு? 109. ஒத்த நம்பர்ல போச்சு! அந்த மெஷின்ல எத்தன தடவ அப்டேட் அமுக்குனாலும் 110 ஏறாது. இதுல வேடிக்கை என்னன்னா, அதே விண்டோஸ் 7ல ஃபயர்ஃபாக்ஸ் 115 ஏறும், டுசார்ட்டட் ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்ததும் அதே 115லதான். அதைப் போட்டா உங்க பக்கம் ஒரு எழுத்து மாத்தாம ஓடும்.

இதெல்லாம் நான் மனப்பாடம் பண்ணி வச்சதில்லப்பா. எம்டிஎன்னு (MDN) வெப் மொழிகளுக்கு ஒரு விளக்கத் தளம் இருக்கு, அதுல அந்த மெத்தட் பக்கத்தைத் திறந்து அடியில போனா, எந்த பிரவுசர்ல எந்த வெர்ஷன்லேருந்து இருக்குன்னு ஒரு டேபிள் இருக்கும். கேன் ஐ யூஸ் தளத்துலயும் பாக்கலாம். எம்டிஎன் பக்கத்து மேல பேஸ்லைன்னு ஒரு அடையாளம் இருக்கும். எல்லா முக்கிய பிரவுசர்லயும் வந்து 30 மாசம் ஆனா, பரவலா இருக்குன்னு பச்சையாக் காட்டும். அதை மட்டும் நம்பிறாதீங்க. முப்பது மாசம் என்ன, முப்பது வருசம் போனாலும் அப்பா கடை குரோம் 109தான். முதல்ல ஓடப்போற மெஷின்ல அபவுட் குரோம் போயி நம்பரைப் பாருங்க, அப்புறம் டேபிளைப் பாருங்க. ஐபோன்னா டேபிள்ல சஃபாரி, அதாவது ஆப்பிளோட பிரவுசர், அதோட வரிசையைப் பாருங்க. நம்ம ஊர்ல விக்கிற ஐபோன்ல குரோம்னு போட்டிருந்தாலும் உள்ள ஓடுறது சஃபாரியோட இன்ஜின்தான்.

இன்னொண்ணு, இதைக் கொஞ்சம் நல்லாக் கவனிங்க. மெத்தட் இல்லேன்னா அந்த வரி வர்றப்பத்தான் எரர் வரும், அதுக்கு முன்னாடி இருக்கறது ஓடிரும். ஒரு இஃப் போட்டு, மெத்தட் இருக்கான்னு பாத்துட்டு வேற வழியில போகவும் செய்யலாம். ஆனா கேள்விக்குறி போட்டு புள்ளி வைப்போம்ல, ஆப்ஷனல் செயினிங், இல்லாத ஒண்ணுக்குள்ள தேடுனாலும் எரர் வராமப் பாத்துக்கறது, அது மொழியோட இலக்கணம். குரோம்ல 80லேருந்துதான் இருக்கு, 2020. அதுக்கு முந்துன பிரவுசர் அந்த ஃபைலைப் படிக்கிறப்பவே சின்டாக்ஸ் எரர்னு நின்னுரும். நீங்க போட்ட இஃப் வரைக்கும் கூட வராது. அதுக்கு பேபல் மாதிரி, புதுசா எழுதுனதைப் பழைய பிரவுசருக்குப் புரியுற மாதிரி மாத்துற கருவி ஒண்ணை வச்சு மாத்தித்தான் குடுக்கணும்.

படிக்கிறப்ப ஒவ்வொண்ணுக்கும் டேபிள் பாத்துட்டு இருந்தா, படிப்பு ஓடாது தம்பி. உங்க லேப்டாப்ல எல்லாத்தையும் போட்டு உடைங்க. அடுத்தவுங்க மெஷினுக்குக் குடுக்கறப்ப மட்டும் பாருங்க, போதும்.

உங்க பக்கத்துக்கு பாலிஃபில், அதாவது இல்லாத மெத்தடை நாமளே எழுதிச் சேக்குறது, அதெல்லாம் வேண்டாம். மூணு புள்ளி போட்டு அரேயைக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில சார்ட் போடுங்க. விலையைக் கழிச்சுப் பாக்குற ஃபங்ஷனையும் உள்ள குடுத்துருங்க. அதை விட்டுட்டு, விலையை வெறும் சார்ட்ல போட்டுத் தலைகீழாத் திருப்பிக்கலாம்னு நெனச்சீங்கன்னா, அது நம்பரை எழுத்தா நெனச்சு, 1200ஐ 300ஐவிடச் சின்னதுன்னு வச்சிரும். எல்லாப் பூவும் மூணு இலக்கத்துல இருக்கறவரைக்கும் வித்தியாசமே தெரியாது. மார்கழியில மல்லி ஆயிரத்தைத் தாண்டும் பாருங்க, அன்னைக்குத்தான் கடையில அப்பா கேப்பாரு.