தராசு சொல்லாத சங்கதி

நேயர்களுக்கு வணக்கம்.

"நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன் டாக்டர், எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?" என் எதிரே உட்கார்ந்து எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. குரலில் கோபம்கூட இருக்கும். நியாயமான கோபம்தான். குண்டாக இருந்தால்தான் வரும் என்று சொல்லிச் சொல்லியே அவர்களை நம்பவைத்துவிட்டோம்.

நான் எங்கே பேசினாலும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சித்தரஞ்சன் யாஜ்னிக், ஜான் யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் அதில் இருக்கிறார்கள். முதலாமவர் இந்தியர், மற்றவர் பிரிட்டன்காரர். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிறோமே, பி.எம்.ஐ., அது இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இரண்டு மடங்குக்கும் மேல்! தராசுக்கு இது தெரியவே தெரியாது.

சரி, அந்தக் கொழுப்பு எங்கே சேர்கிறது? வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேர்ந்தால், ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் நாடாவை எடுங்கள் என்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டால், தராசு என்ன சொன்னாலும் சரி, ரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ வயது 35-ஐத் தாண்டியிருந்தாலோ நாடாவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பெண்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். கர்ப்ப காலத்தில் உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா? குழந்தை பிறந்ததும் இறங்கியிருக்கும், நீங்களும் மறந்திருப்பீர்கள். ஆனால் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட உங்களுக்கு 7 மடங்குக்கும் மேல். பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு சோதனை, அப்புறம் 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே உங்கள் தேதியையும் எழுதிவையுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை, அதாவது எச்.பி.ஏ1சி பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒன்று மட்டும்: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் மாறும். இரண்டில் எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.