அழித்த தடத்தை எண்ணியபோது

[திரையில்: பென்சிலால் நிரப்பிய ஒரு விடைத்தாள்]

இந்தத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 14ஆவது கேள்வியில் ஒரு வட்டம் மங்கலாக இருக்கிறது, அதற்கு அடுத்த வட்டம் அடர்த்தியாக இருக்கிறது. முதலில் ஒன்றை நிரப்பி, பிறகு அதை அழித்துவிட்டு வேறொன்றை நிரப்பியிருக்கிறார்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். ஆனால் ஒரே வகுப்பில் தாளுக்குத் தாள் பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி இருந்தால்? அழித்ததெல்லாம் தவறான விடை, புதிதாக நிரப்பியதெல்லாம் சரியான விடை என்றால்?

2009இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் நடந்தது இதுதான். காப்பியடிப்பது என்றதும் மடித்த துண்டுச் சீட்டுதான் நம் நினைவுக்கு வரும். இங்கே ஏமாற்றியவர்கள் மாணவர்கள் அல்ல, அவர்களுடைய ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும்.

நம் ஊர் நுழைவுத் தேர்வில் வட்டங்களைப் பேனாவால் நிரப்பச் சொல்வார்கள். நிரப்பினால் நிரப்பியதுதான். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் நடத்திய தேர்வில் பென்சில். அதனால் தாளைத் திருத்துவது எளிது, தடம் மிஞ்சுவதும் உறுதி. அழிப்பான் என்னதான் தேய்த்தாலும் கரி முழுவதும் போகாது. தாளைப் படிக்கும் இயந்திரம் அடர்த்தியான குறியை விடையாக எடுத்துக்கொள்ளும், மங்கலான குறியை அழித்த இடமாகக் கணக்கு வைக்கும்.

சந்தேகம் முதலில் செய்தித்தாளில் வந்தது. அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிட்யூஷன் நாளிதழ், சில பள்ளிகளின் மதிப்பெண் ஒரே ஆண்டில் இப்படித் தாவியது எப்படி என்று கேட்டது. பிறகு மாநில அரசு அழித்த தடங்களை எண்ணச் சொன்னது. தவறிலிருந்து சரிக்கு மாறிய விடைகள் ஒரு வகுப்பில் சராசரியாக எத்தனை இருக்கும் என்று மாநிலம் முழுவதற்கும் கணக்கிட்டு, அந்தச் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு (வகுப்புகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) அப்பால் நின்ற வகுப்புகளைக் குறித்துக்கொண்டார்கள். தற்செயலாக அந்த எல்லையைத் தாண்ட வேண்டுமானால் ஆயிரம் வகுப்பில் ஏறத்தாழ ஒன்று தாண்டலாம். அட்லாண்டாவின் சில பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்ட வகுப்புகள் தாண்டியிருந்தன.

நகரக் கல்வித் துறை தன்னைத் தானே விசாரித்துப் பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதில் ஆச்சரியம் என்ன? 2010இல் ஆளுநர் சிறப்பு விசாரணையாளர்களை நியமித்த பிறகுதான் வாய்கள் திறந்தன.

[திரையில்: 2011 ஜூலை, விசாரணை அறிக்கை]

56 பள்ளிகளை ஆராய்ந்ததில் 44 பள்ளிகளில் முறைகேடு. 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சம்பந்தப்பட்டிருந்தார்கள், அவர்களில் 82 பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து, வார இறுதியில் ஓர் ஆசிரியை வீட்டில் உட்கார்ந்து விடைகளை மாற்றியிருக்கிறார்கள். தேர்வு அறையிலேயே கேள்வியை வாசிக்கும்போது சரியான விடை வரும் இடத்தில் குரலை மாற்றிக் காட்டியவர்களும் உண்டு. இன்னொரு பள்ளியில், மதிப்பெண் குறைந்த வகுப்பின் ஆசிரியையை எல்லோர் முன்னிலையிலும் மேசைக்கு அடியில் ஊர்ந்து போகச் செய்தார் தலைமையாசிரியர். இந்த அவமானத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய மற்ற ஆசிரியர்கள் என்ன முடிவெடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்தம்? 2002இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கல்விச் சட்டப்படி, தேர்ச்சி விகிதத்தை ஆண்டுதோறும் உயர்த்தாத பள்ளிகள் மீது படிப்படியாக நடவடிக்கை வரும். அட்லாண்டா அதற்கு மேலும் சொந்த இலக்குகளை வைத்தது. எட்டினால் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் வேலைக்கு ஆபத்து. நகரக் கல்வித் துறையின் தலைவர் பெவர்லி ஹால் 2009இல் நாட்டின் சிறந்த கல்விக் கண்காணிப்பாளர் விருதைப் பெற்றார். விருது கொடுப்பவர்கள் மதிப்பெண் பட்டியலைத்தான் பார்ப்பார்கள், அழிப்பான் தூளையா பார்க்கப் போகிறார்கள்?

2013இல் ஹால் உட்பட 35 பேர் மீது வழக்குப் பதிவானது. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகினார்கள். ஹால் கடைசிவரை மறுத்தார். நோயின் காரணமாக அவர் விசாரணைக்கு வரவே இல்லை, 2015 மார்ச்சில் இறந்துபோனார். அடுத்த மாதம், விசாரணையைச் சந்தித்த 12 பேரில் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. குற்றக் கும்பல்களை ஒடுக்கக் கொண்டுவந்த சட்டத்தை ஆசிரியர்கள் மீது பயன்படுத்தியது சரியா என்று அங்கே வாதம் நடந்தது. எனக்கும் அது சற்று மிகைதான் என்று தோன்றுகிறது.

ஆனால் அந்த வாதத்தில் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. வாசிக்கத் திணறும் ஒரு குழந்தையின் தாளில் ‘தேர்ச்சி’ என்று வந்துவிட்டால், அதற்குத் தனிப்பயிற்சி தேவை என்று யாருக்குத் தெரியும்? அம்மா மகிழ்ந்துபோவார், அடுத்த வகுப்பு ஆசிரியர் மேலே பாடம் நடத்துவார். 2015இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு, தாள் திருத்தப்பட்ட பிள்ளைகள் பிற்பாடு வாசிப்பிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியதைக் காட்டியது. அதன் பிறகு நகரக் கல்வித் துறை அவர்களைத் தேடிப் பிடித்துத் தனிப்பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. 2009இல் முதல் வகுப்பில் தேர்வு எழுதிய பிள்ளைகள் அதற்குள் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள்.